குழந்தை, குடும்ப நலப் பட்டப்படிப்பு: படித்து முடித்தபின் ஒரு மதிப்பீடு

குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் துணைநிற்கும் பணிக்குத் தயார்செய்யும் பட்டப்படிப்பை மூன்றாண்டுகள் படித்து முடித்திருக்கிறேன். இதில் சேர எண்ணுவோர் பாடத்திட்டத்தைப் புரட்டுவதற்கு முன், களப்பயிற்சி எப்படி நடக்கிறது என்பதைத் தீர விசாரிக்க வேண்டும் என்பதே என் முதன்மையான கருத்து.

முதலாண்டில் என்னை மாற்றியது உற்றுநோக்கல் பயிற்சி. மழலையர் வகுப்பின் ஒரு மூலையில் அமர்ந்து, ஒரே குழந்தையை இருபது நிமிடம் கவனித்து, கண்டதை எழுத வேண்டும். ‘குழந்தை கோபமாக இருந்தாள்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் ‘கோபமாக’ என்ற சொல்லை வட்டமிட்டு, ‘நீங்கள் கண்டது என்ன?’ என்று ஓரத்தில் கேட்டிருந்தார். விரல்கள் வெளுக்கும் அளவுக்கு அவள் மரக்கட்டையை இறுகப் பிடித்திருந்ததையும், அருகில் வந்த சிறுவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டதையும்தான் நான் கண்டிருந்தேன். அது கோபமாகவும் இருக்கலாம், அச்சமாகவும் இருக்கலாம். பதிவேட்டில் நாம் அவசரப்பட்டு எழுதும் ஒரு சொல் அந்தக் குடும்பத்தின் மீது ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொண்டுவிடும் என்பதால், இந்த ஒரு பயிற்சிக்காகவே இப்படிப்பை உயர்வாக மதிக்கிறேன்.

கோட்பாட்டுப் பாடங்களும் நன்றாகவே நடத்தப்பட்டன. குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையே உருவாகும் உணர்வுப் பிணைப்பை விளக்கும் மனநல மருத்துவர் ஜான் போல்பியின் பிணைப்புக் கோட்பாட்டை, ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தைகளைத் தாயிடமிருந்து சில நிமிடங்கள் பிரித்து மீண்டும் சேர்த்து உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் நடத்திய ஆய்வோடு இணைத்து விளக்கினார்கள். தாய் பிரியும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, அவர் திரும்பி வந்ததும் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதே அதிகம் உணர்த்துகிறது என்று அப்போது விளங்கியது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில், தன்னைப் பாதிக்கும் காரியங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்குள்ள உரிமையைக் கூறும் 12ஆம் பிரிவை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், கேள்வி கேட்கும் முறையாகவே பழக்கினார்கள். ‘அப்பா அடித்தாரா?’ என்று விடையை நாமே எடுத்துக் கொடுக்காமல், ‘என்ன நடந்தது என்று சொல்லம்மா’ என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளவே எனக்கு ஒரு பருவம் முழுவதும் தேவைப்பட்டது.

குறை களப்பயிற்சியில்தான். வாரம் ஒரு மணிநேரம் மேற்பார்வையாளருடன் உரையாடல் உண்டு என்று கையேடு சொன்னது. பாதி வாரங்களில் அது தள்ளிப்போனது. ஒரு நாள் ஒரு தாய், ‘இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். குழந்தைக்கு ஆபத்து என்றால் இரகசியம் காக்க இயலாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று படித்திருந்தும், அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு வாய் வரவில்லை. அன்று மாலையே நான் களப்பயிற்சி பெற்ற நிலையத்தின் பொறுப்பாளரிடம் தெரிவித்துவிட்டேன். ஆனால் அந்தத் தாயை மறுபடி எப்படி எதிர்கொள்வது என்று கேட்க, மேற்பார்வையாளர் கிடைத்தது ஒன்பது நாள் கழித்துத்தான். நம்பிக்கையுடன் பேசிய ஒருவருக்கு நான் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருந்த அந்த ஒன்பது நாள்களை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

இப்படிப்பைப் பரிந்துரைக்கவே செய்கிறேன். சேர்வதற்கு முன், ஒரு மேற்பார்வையாளரின் பொறுப்பில் எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள், உரையாடல் தவறினால் மாற்று ஏற்பாடு என்ன, அவசரத்தில் யாரை அழைக்கலாம் என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இயன்றால் இறுதியாண்டு மாணவர் ஒருவரிடமும் இதையே கேளுங்கள்.