பிரித்துக் கட்டக்கூடிய ஐந்து கல் மாதிரிகள்: கிருஷ்ணகிரிப் பட்டறை ஒன்றின் தயாரிப்பைப் பற்றி

கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் செல்லும் வழியில் உள்ள கல் பட்டறைகளுள் ஒன்றில், கிரானைட் பலகை அறுக்கும்போது மிஞ்சும் துண்டுகளைக் கொண்டு பண்டைய நாகரிகங்களின் கட்டடங்களைச் சிறு மாதிரிகளாகச் செய்து விற்கிறார்கள். மல்லசந்திரத்துக் கற்திட்டை (கல் பலகைகளால் எழுப்பிய பழங்கால ஈமச் சின்னம்), எகிப்தியப் பிரமிடு, கிரேக்கக் கோயிலின் முகப்பு, உரோமானிய வளைவு, தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் என ஐந்து மாதிரிகள் அடங்கிய பெட்டியை, பாலக்கோட்டுப் பக்கம் நான் வரலாறு கற்பிக்கும் பள்ளிக்காக 7,800 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியோடு சேர்த்து எடை 30 கிலோவை நெருங்குகிறது. இரண்டு பேர் இல்லாமல் மாடிக்கு ஏற்ற முடியாது. நான்கு மாதங்கள் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கைகளில் கொடுத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

வகுப்புக்கு வாங்கும் மாதிரியில் நான் தேடுவது ஒன்றுதான். மேலே இருக்கும் எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதை மாணவர் தம் கையாலேயே அறிய வேண்டும். பார்ப்பதற்கு அழகாக இருப்பது மட்டும் போதுமென்றால் பாடநூலில் உள்ள படமே போதும். அந்த அளவுகோலால் பார்க்கும்போது, இந்த ஐந்தில் மூன்று மிக நல்ல பொருள்கள். இரண்டை வாங்காமல் விட்டிருக்கலாம்.

முதலில் கற்திட்டை. சூளகிரிப் பக்கத்து மல்லசந்திரம் குன்றில் இன்றும் நிற்கும் இரும்புக் காலக் கற்திட்டைகளைப் பார்த்து இதைச் செய்திருக்கிறார்கள். தரைப்பலகை ஒன்று, பக்கப் பலகைகள் நான்கு, மூடுகல் ஒன்று. பக்கப் பலகை ஒன்றில் இடுதுளை எனப்படும் வட்டமான ஓட்டை. பலகைகளை நேருக்கு நேராக நிறுத்தாமல், ஒன்றின் விளிம்பு அடுத்ததைத் தாண்டி நீண்டு அதைத் தாங்குமாறு சுவஸ்திக வடிவில் நிறுத்தும்படி பள்ளம் வெட்டிக் கொடுத்திருப்பதுதான் இதன் சிறப்பு. தென்னிந்தியாவின் பல கற்பதுக்கைகளில் (மண்ணுக்குள் கல் பலகைகளால் அமைத்த ஈமப் பெட்டிகளில்) காணப்படும் முறை இது. மாணவர்கள் முதலில் பலகைகளைப் பெட்டிபோலச் சேர்த்தார்கள். மூடுகல்லை வைத்தவுடன் ஒரு பக்கம் சரிந்தது. சுவஸ்திக முறையில் நிறுத்திய பிறகு, ஒவ்வொரு பலகையும் அடுத்ததைத் தடுத்து நிறுத்தியதால், கையால் தள்ளியும் அசையவில்லை. சாந்தோ ஆணியோ இல்லாத ஒரு கட்டுமானம் ஏன் இத்தனை நூற்றாண்டுகள் நிற்கிறது என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவே இல்லை. மூடுகல்லை அக்காலத்தவர் எப்படி மேலேற்றியிருப்பார்கள் என்று கேட்டபோது, தந்தை கல் குவாரியில் வேலை செய்யும் மாணவன் ஒருவன், "மண்ணைச் சரிவாக் கொட்டி, கடப்பாறையில நெம்பி நெம்பி ஏத்தியிருப்பாங்க சார்" என்று உடனே சொன்னான். இத்தகைய கட்டுமானங்களைப் பாண்டவர் வீடு என்று சொல்லும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பாண்டவர் வேண்டாம், மண்சரிவும் நெம்புகோலும் போதும் என்பதை அவன் வாயால் கேட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. மல்லசந்திரம் இருக்கும் அதே கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் பயன்பாடு பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன், அதாவது கி.மு.) 2172 வரை பின்செல்வதாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்த செய்தியையும் அன்றே அவர்களுக்குச் சொன்னேன்.

கிரேக்கக் கோயில் முகப்பு ஏதென்சின் பார்த்தினனைத் தழுவியது. பொ.ஆ.மு. 447இல் தொடங்கப்பட்ட அந்தக் கோயிலின் முகப்பில் எட்டுத் தூண்கள், பக்கவாட்டில் பதினேழு தூண்கள். மாதிரியில் நான்கே தூண்கள் உள்ளன. விலையைக் கருதி அதை ஏற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு தூணும் மூன்று உருளைகளாகப் பிரிகிறது. உருளைகளுக்கு நடுவே ஒரு சிறு மர முளை இருக்கிறது. பார்த்தினனிலும் தூண் உருளைகளின் மையத்தைப் பொருத்த மரத்துண்டுகளைப் பயன்படுத்தினார்கள் என்பதால், இந்த நுட்பத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. குறை என்னவென்றால், மூலத்தில் தூணின் உடல் மேலே செல்லச் செல்ல மெல்லிய புடைப்போடு குறுகும். இங்கே லேத் எந்திரத்தில் கடைந்த நேர் உருளையாகவே இருக்கிறது. அதனால் தூண்கள் உயிரற்றுத் தெரிகின்றன.

ஆனால் இந்த மாதிரி கற்பிக்கும் பாடம் தூணில் இல்லை, தூண்களுக்கு மேல் கிடக்கும் உத்தரத்தில் இருக்கிறது. கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைந்தால் முறிந்துவிடும். ஒரு சாக்பீஸை இரு முனைகளிலும் பிடித்து நெட்டுக்கு அழுத்தச் சொன்னேன், பிறகு நடுவில் வளைக்கச் சொன்னேன். மாணவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பார்த்தினனின் தூண்கள் மையத்துக்கு மையம் ஏறத்தாழ 4.3 மீட்டருக்குள் நெருக்கமாக நிற்பதும், நம் கோயில் மண்டபங்களில் தூண்கள் காடுபோல் நிற்பதும் ஒரே காரணத்தால்தான். அடுத்த வாரம் தருமபுரிக் கோட்டை மல்லிகார்ஜுனேசுவரர் கோயிலுக்கு அழைத்துச் சென்று, தரையைத் தொடாமல் தொங்கும் தூணைக் காட்டினேன். அடியில் துணியைச் செலுத்தி மறுபக்கம் எடுத்துப் பார்த்த மாணவி ஒருத்தி, "அப்படின்னா இந்தத் தூண் எதையும் தாங்கலையே சார், பக்கத்துத் தூணுங்கதான தாங்குது" என்றாள். அந்த இடத்தில் அப்படி ஒரு கேள்வி எழுந்ததற்கு இந்த மாதிரிக்கே நன்றி சொல்கிறேன்.

பெட்டியில் ஆகச் சிறந்தது உரோமானிய வளைவு. இரண்டு தூண்கட்டுகள், ஒன்பது ஆப்பு வடிவக் கற்கள், அரைவட்ட மரச்சட்டம் ஒன்று. கட்டட வேலை செய்பவர்கள் சென்ட்ரிங் என்று சொல்வதுதான் இந்தச் சட்டம். சட்டத்தின்மேல் இரு பக்கமும் கற்களை அடுக்கிக்கொண்டே வந்து, உச்சியில் கடைசிக் கல்லை இறுக்கி, பிறகு சட்டத்தை மெதுவாக உருவ வேண்டும். உருவும்போது வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. வளைவு விழாமல் நிற்பதைக் கண்டதும் எழும் ஆரவாரத்தைக் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து பார்த்துவிட்டுப் போனார். உச்சிக்கல்லை மேலிருந்து அழுத்தினால் வளைவு இன்னும் இறுகுகிறது. தூண்கட்டு ஒன்றை வெளிப்புறமாகச் சிறிது நகர்த்தினால் முழுவதும் கொட்டிவிடுகிறது. எடை கீழே மட்டும் இறங்காமல் பக்கவாட்டிலும் தள்ளுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவியை நான் கண்டதில்லை. பிரான்சின் தென்பகுதியில் உரோமானியர் கட்டிய பான் து கார் நீர்ப்பாலம் மூன்று அடுக்கு வளைவுகளால் சுமார் 49 மீட்டர் உயரம் எழுந்து, பெரும்பகுதி சாந்தே இல்லாமல் நிற்கிறது. அதன் மிகப் பெரிய வளைவின் அகலம் 24 மீட்டருக்கும் மேல். சற்று முன்புதான் 4.3 மீட்டர் என்ற கணக்கைக் கேட்டிருந்த மாணவர்களுக்கு அந்த 24இன் பொருள் உடனே விளங்கியது. கற்களின் அறுப்பில் அரை மில்லிமீட்டர்ப் பிழைகூட இல்லை. இந்த ஒன்றைச் செய்த கைகளுக்கு முழு மதிப்பெண்.

பிரமிடைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பளபளப்பாகப் பாலிஷ் செய்த ஒரே கறுப்புக் கல். கீசாவின் பெரிய பிரமிடை வெள்ளைச் சுண்ணாம்புக்கல் போர்த்தியிருந்தது. அதன் சாய்வு ஏறத்தாழ 52 பாகை. மாணவர்கள் கோணமானி வைத்து அளந்தபோது இது 60ஐத் தாண்டியது. உள்ளே அறையும் இல்லை, வழியும் இல்லை. காகிதம் பறக்காமல் வைக்க உதவுகிறது.

தஞ்சை விமானம்தான் என்னை உண்மையில் வருத்தியது. நம் மண்ணின் கட்டடக்கலை என்பதால் மட்டும் அல்ல. அதிட்டானம் (அடித்தளம்), சுவர், பிரஸ்தரம் (சுவருக்கு மேலுள்ள கூரை வரிசை), கழுத்து, சிகரம், தூபி (உச்சிக் கலசம்) என்று ஆறு உறுப்புகளாகப் பிரித்தே நம் சிற்பிகள் விமானத்தைக் கற்றார்கள், கற்பித்தார்கள். பிரித்துக் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் உலகில் அரிது. அதை ஒரே கல்லில் செதுக்கி, பக்கங்களில் மேலோட்டமாகக் கோடு கீறி, தலையில் பித்தளைக் குமிழ் ஒன்றை ஒட்டி முடித்திருக்கிறார்கள். 1010இல் முதலாம் இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் பொன் போர்த்த செப்புக் கலசம் கொடுத்த அந்த விமானம் உள்ளே கூடானது. கல் வரிசைகள் சிறிது சிறிதாக உட்புறம் முன்தள்ளி மேலே குறுகிச் செல்கின்றன. வளைவே இல்லாமல் இத்தனை உயரத்தை எட்டியது எப்படி என்று, உரோமானிய வளைவைக் கட்டி முடித்த கையோடு மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது. திடமான கல் அந்தக் கேள்விக்கு இடமே தருவதில்லை.

பெட்டியோடு வரும் விளக்க அட்டைகளையும் திருத்த வேண்டும். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று அச்சிட்டிருக்கிறார்கள்; மாலையில் கோயில் முற்றத்தில் நிற்கும் எவரும் அந்த நிழலின்மேல் நடக்கலாம். இந்தியர்களுக்கு வளைவு தெரியாது என்றும் மற்றோர் அட்டை சொல்கிறது. உத்தரப் பிரதேசத்தின் பித்தர்காவ் செங்கல் கோயிலில் குப்தர் காலத்து வளைவுகள் உண்டு. மாணவர் கையில் கொடுக்கும் அட்டையில் இத்தகைய பிழை இருப்பதை ஏற்க முடியாது. நான் அவ்விரண்டு அட்டைகளையும் எடுத்துவிட்டு, சொந்தமாக எழுதி வைத்திருக்கிறேன்.

பட்டறையின் சேவையைப் பற்றி ஒரு சொல். பெட்டிக்குள் வைக்கோலை மட்டும் திணித்து அனுப்பியதால் கிரேக்கத் தூண் உருளை ஒன்று விளிம்பு உடைந்து வந்தது. தொலைபேசியில் சொன்ன ஒன்பதாம் நாள் மாற்று உருளை வந்துவிட்டது, பணம் கேட்கவில்லை. கற்திட்டைப் பலகைகளின் முனைகள் கூர்மையாக இருப்பதால், சிறு வகுப்புகளுக்குக் கொடுப்பதற்கு முன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். விமானத்தை ஆறு துண்டுகளாகச் செய்ய இயலுமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். கழுத்தும் சிகரமும் எளிது, சுவரைக் கூடாக்குவதுதான் கடினம், அதற்குக் கல்லை மாற்ற வேண்டும் என்று அவர் சிந்தித்துச் சொன்னார். ஒரு தாளில் நான் வரைந்து கொடுத்த குறுக்குவெட்டுப் படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மாதிரிகளைத் தனித்தனியாகவும் தருகிறார்கள். முழுப் பெட்டியை எடுக்க வேண்டாம்; வளைவு 2,400 ரூபாய், கற்திட்டை 900 ரூபாய், கிரேக்க முகப்பு 2,100 ரூபாய் என்று அந்த மூன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். வளைவின் மரச்சட்டம் மழைக்காலத்தில் சற்று உப்பிக் கல்லோடு பிடித்துக்கொள்கிறது. உருவுவதற்கு முன் அதன்மேல் கொஞ்சம் சாக்பீஸ் தூளைத் தடவிவிட்டால் சரியாக வருகிறது.