3,000 ரூபாய்க்கு ஒரு குருகு

எட்டு சனிக்கிழமை, மாலை 5 முதல் 7 வரை. கட்டணம் 3,000 ரூபாய். இலக்கியத் திறனாய்வுக் கட்டுரை எழுதச் சொல்லித்தரும் வகுப்பு, திருச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில். குறைகளையும் சொல்லப்போகிறேன், நடத்துகிற சார் நல்ல மனிதர் வேறு. அதனால் பெயர் போடவில்லை. இந்த மாதிரி வகுப்பில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவட்டும்.

நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. முதலாம் ஆண்டு ஒப்படைப்புக் கட்டுரைக்கு 25-க்கு 11 வந்தது. ஓரத்தில் ஒரே வரி: 'பொழிப்புரை மட்டும் உள்ளது.' பன்னிரண்டாம் வகுப்பில் 'நயம் பாராட்டுக' கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். மையக் கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி, சந்தம் என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி. அதே சரக்கை எம்.ஏ.விலும் கடைபரப்பினேன். போணியாகவில்லை.

முதல் வகுப்பில் சார் அதிகம் பேசவில்லை. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார் (அந்த ஜெராக்ஸுக்குத் தனியாக 2 ரூபாய், அதையும் சொல்லிவிடுகிறேன்). குறுந்தொகை 25, கபிலர் பாட்டு:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

தலைவி தோழியிடம் சொல்கிறாள். அவன் என்னோடு கூடிய அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினைத்தண்டு மாதிரி சின்னப் பச்சைக் காலோடு ஒரு குருகு (கொக்கு மாதிரி நீர்ப்பறவை) மட்டும் ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவ்வளவுதான் பாட்டு. இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவரச் சொன்னார்.

'சங்க இலக்கியம் பண்டைத் தமிழரின் வாழ்வைக் காட்டும் காலக்கண்ணாடி' என்று ஆரம்பித்திருந்தேன். திரும்பி வந்த தாளில் அந்த வரியின் மேல் பென்சில் கோடு. பக்கத்தில், "இதைப் புறநானூற்றுக் கட்டுரையில் வெட்டி ஒட்டினாலும் ஒட்டும். அப்புறம் இந்தப் பாட்டுக்கு எதற்கு?" அடுத்த பத்தியில் 'உவமை மிகச் சிறப்பாக அமைந்துள்ளது' என்று இருந்தது. அதன் அருகில் "எப்படி?" இரண்டு பக்கத்தில் மொத்தம் ஏழு 'எப்படி?'. கடைசியில் பெரிய எழுத்தில், "பிடி எங்கே?"

பிடி என்பது அவருடைய சொல். பாட்டைப் பற்றி நீ சொல்லவருகிற ஒரே விஷயம், இன்னொருவர் மறுத்துப் பேசக்கூடியதாக இருக்க வேண்டும். 'கபிலர் சிறந்த புலவர்' பிடி ஆகாது, அதை யார் மறுக்கப்போகிறார்கள்?

எனக்குப் பிடி கிடைத்தது கடையில். ஒருவர் 500 ரூபாய் கொடுத்தேன் என்று சண்டை போட்டார், கொடுத்தது 200. பக்கத்திலேயே ஒரு பையன் நின்றிருந்தான். "தம்பி, நீ பாத்தியா?" என்றால் போனிலிருந்து தலையைத் தூக்கி முழிக்கிறான். அன்று ராத்திரி பாட்டை மறுபடி எடுத்தேன். ஐந்து வரியில் 'பார்க்கும்' என்ற சொல் ஒரே இடத்தில்தான் வருகிறது. பார்ப்பது குருகு. அது பார்ப்பதோ மீனை! சாட்சி இருந்தும் சாட்சி இல்லை. சரி, அந்த நேரத்தில் குருகின் கால் தினைத்தாள் மாதிரி இருந்தது என்பது வரை தலைவி நினைவில் நிற்கிறதே, ஏன்? குருகு இவளைப் பார்க்கவில்லை, ஆனால் இவள் குருகைப் பார்த்திருக்கிறாள். தினைப்புனம் காக்கிறவளுக்கு உவமையும் தினையிலிருந்துதான் வருகிறது. உண்மையான சாட்சி அவள் கண்தான் என்று எழுதினேன்.

என்னோடு படிக்கிற ஒரு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "'குருகும்' என்கிறாளே, அந்த 'உம்'மில் ஒரு நம்பிக்கை இல்லையா? அதுவாவது இருந்ததே என்றுதானே சொல்கிறாள்?" சார் தீர்ப்புச் சொல்லவில்லை. அக்கா சொன்னதையும் என் கட்டுரையில் எழுதி, அதற்குப் பதில் சொல்லச் சொன்னார். கட்டுரையிலேயே உருப்படியான பத்தி அதுதான்.

போகிறபோக்கில் அவர் சொன்ன இரண்டு விஷயம் இப்போதும் கைகொடுக்கிறது. ஒரு வரி மேற்கோள் காட்டினால் அதைப் பற்றி இரண்டு வரியாவது நீ பேச வேண்டும், மேற்கோளை அந்தரத்தில் விடக்கூடாது. குறுந்தொகைக்கு உ.வே.சா. உரை எழுதி வெளியிட்ட 1937 பதிப்பு கையில் இருந்தாலும், பாட்டைப் பற்றி உனக்கே பத்துக் கேள்வி எழுதிய பிறகுதான் உரைப்பக்கம் போக வேண்டும். முதலிலேயே உரையைத் திறந்தால் நம் கேள்வி செத்துப்போகும் என்பார்.

இனி குறைகள். 22 பேருக்கு இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று ஓடாது. ஐந்து மணி வகுப்பு ஒருநாளும் ஐந்தேகாலுக்கு முன் தொடங்கவில்லை. ஆறாவது வாரத்திலிருந்து சார் போக்கே மாறிவிட்டது: அமைப்பியல், பின்நவீனத்துவம் என்று இலக்கியக் கோட்பாடுகளின் பெயர்களாகக் கொட்டினார். எல்லாரும் குனிந்து குறிப்பு எடுத்தோம். அந்தப் பெயர்களைக் கட்டுரையில் தூவலாம், வேறு எதற்கும் ஆகாது. முதல் ஐந்து வாரம் எதைச் செய்யாதே என்றாரோ அதையேதான் அவர் செய்தார். சிறுகதைக்கு ஒரே ஒரு வகுப்பு, நாவலுக்கு அதுவும் இல்லை. அடிக்குறிப்பு, துணைநூற்பட்டியல் எப்படிப் போடுவது என்று கேட்டபோது "அது லேசு, பாத்துக்கலாம்" என்றார். கடைசிவரை பார்க்கவில்லை. மூன்றாவது கட்டுரை திருத்தி வர மூன்று வாரம் ஆனது.

இந்த வருட ஒப்படைப்புக்கு 25-க்கு 18. கழித்த ஏழும் பெரும்பாலும் அடிக்குறிப்பில் போனது.

என்னைக் கேட்டால் அந்த 3,000 ரூபாயும் பென்சில் திருத்தத்துக்குத்தான். எழுதிக் கொடுக்காமல் கேட்டுவிட்டு மட்டும் வருகிறவர்களுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது, அப்படி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். முதல் ஐந்து வாரத்துக்கு மட்டும் பணம் கட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள், என் தோழிக்கு 2,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். மாடிப்படியில் விளக்கு கிடையாது. ஏழு மணிக்கு இறங்கும்போது போன் டார்ச் வேண்டும்.