கைபேசியைப் பூட்டிவைக்கும் காந்தப் பை: ஒரு மதிப்பீடு
வகுப்பு தொடங்குமுன் கைபேசிகளை வாங்கி ஆசிரியரின் மேசையில் குவித்துவைக்கும் வழக்கத்தைவிட, காந்தப் பூட்டு கொண்ட இந்தத் துணிப் பை பல மடங்கு மேலானது; பூட்டிய பிறகும் பை மாணவரிடமே இருப்பதால், கருவி தொலைந்துவிடுமோ, திரையில் வரும் செய்தியை வேறு யாரேனும் படித்துவிடுவார்களோ என்ற அச்சத்துக்கு இடமில்லை. குழந்தையின் அந்தரங்கத்தில் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 16ஆவது பிரிவில் கூறுவதை மதிக்கும் ஏற்பாடு இது. தையலும் உறுதியாகவே இருக்கிறது. ஆனால், வாசலில் பொருத்திய ஒரே திறப்பானில் பையைத் தட்டித் திறக்க நீண்ட வரிசை நிற்கிறது. கைபேசி வழியே இரத்தச் சர்க்கரை அளவைக் கண்காணிக்கும் மாணவருக்குப் பூட்டில்லாத, ஒட்டுப்பட்டை வைத்த பையைப் பள்ளி கட்டாயம் தர வேண்டும். அதை மறுக்கும் பள்ளிக்கு இந்தப் பையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.