நடவுக்கு மட்டும் பணமா, மூன்று ஆண்டுப் பராமரிப்புக்கா?

ஓர் இடத்தில் அழிந்துபோன, அந்த மண்ணுக்கே உரிய மரம், புதர், புல் வகைகளை மீட்க ஒரு குழு இறங்கினால், பணம் வரும் வழி பெரும்பாலும் மூன்று: ஒரே தடவையில் வரும் நடவு மானியம், மூன்று நான்கு ஆண்டுகளுக்குத் தவணையாக வரும் பராமரிப்பு நிதி, கார்பன் கிரெடிட் (மரங்கள் உறிஞ்சிச் சேர்க்கும் கார்பனைக் கணக்கிட்டு விற்கும் சான்று). எங்கள் குழு எடுத்தது இரண்டாவது வழி. இன்னொரு முறை வாய்ப்பு வந்தாலும் அதையேதான் எடுப்போம்.

நடவு மானியம் சீக்கிரம் கிடைக்கும், கணக்குக் காட்டுவதும் எளிது. ஆனால் எத்தனை கன்று நட்டீர்கள் என்றுதான் கேட்பார்கள். எத்தனை நிற்கிறது என்று கேட்க ஆள் இருக்காது. மழைக்கு இரண்டு மாதம் முன்னால் பணம் வந்தால் நாற்றங்காலில் இருப்பதைத்தான் வாங்க முடியும். மண்ணின் இனங்கள் பலவற்றுக்கு விதை சேகரித்து, முளைக்க வைத்து, நடும் பருவத்துக்குக் கொண்டுவர 8 முதல் 12 மாதம் ஆகும். கடைசியில் எங்கும் கிடைக்கிற நாலைந்து இனங்களோடு நடவு முடிந்துவிடும். பிலிப்பைன்ஸ் அலையாத்தி நடவுகளை அலசிய 2008 ஆய்வு, நெடுநாள் பிழைத்தவை பொதுவாக 10 முதல் 20 சதவீதம்தான் என்றது. எளிதில் கிடைக்கிற சுரபுன்னை வகையை, வெண்கண்டல் வகை வளரவேண்டிய கடல்முகப்பில் நட்டது ஒரு முக்கியக் காரணம்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது நடவுக்குப் பிந்தைய பராமரிப்பு. ஆசியாவின் வெப்பமண்டல, மிதவெப்பமண்டலப் பகுதிகளில் 176 இடங்களின் தரவைத் தொகுத்த ஓர் ஆய்வில், முதல் ஆண்டில் சராசரியாக 18 சதவீதக் கன்றுகளும் ஐந்து ஆண்டுகளில் 44 சதவீதமும் மடிந்திருந்தன. நடவு மானியத்தின் கணக்கு முடிந்து, கோப்பு மூடப்பட்ட பிறகுதான் இந்த இறப்பில் பெரும்பகுதி நடக்கிறது.

இரண்டாவது மழையில் போய்ப் பாருங்கள். புல் இடுப்பளவு நிற்கும். விலக்கினால், உள்ளே வெளிச்சம் படாமல் வெளிறிய இரண்டு இலைகளோடு சாய்ந்து கிடக்கும் கன்று. மழைக்காலத்தில் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை, கன்றைச் சுற்றி அரை மீட்டர் வரை களை எடுக்க வேண்டும். அடித்தண்டை ஒட்டிய புல்லைக் கையால்தான் பிடுங்க வேண்டும். அரிவாள் போட்டால் புல்லோடு கன்றும் அறுந்து போகும். நடும்போதே ஒவ்வொன்றின் அருகிலும் நுனியில் வண்ணம் பூசிய குச்சி ஒன்றை ஊன்றினால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். பிடுங்கிய புல்லையே ஒரு சாண் கனத்துக்கு மூடாக்காகப் போடலாம், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி. ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும். கோடைக்கு முன் எல்லையில் தீத்தடுப்புப் பாதை, மேய்ச்சலுக்குக் காவல், அடுத்த மழையில் செத்த இடத்தில் மறுநடவு. இவை அனைத்தும் ஆள் கூலி. அதனால் மொத்த நிதியில் பாதியாவது நடவுக்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. தவணையைப் பிழைப்பு விகிதத்தோடு மட்டும் கட்டினால், எளிதில் சாகாத இனங்களை மட்டுமே நடத் தோன்றும். கணக்கெடுப்புக்கு முந்தின வாரம், செத்த இடத்தில் புதுக் கன்று முளைக்கும். வறட்சி வந்தால் உழைத்தவர் தலையில் நட்டம் விழும். தவணையில் எழுபது பங்கை முடித்த வேலைக்கும், முப்பது பங்கை நிற்கும் கன்றுக்கும் இன எண்ணிக்கைக்கும் பிரித்துக் கேளுங்கள். தானாக முளைத்த மண்ணின் செடிகளையும் எண்ண வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். எண்ணுவதற்கு 10 மீட்டர் சதுரக் கட்டங்களில் எண்ணிட்ட தகடு கட்டி, கோடை முடிவில் எண்ணுங்கள். மழை முடிந்ததும் எண்ணினால் எல்லாமே பச்சையாகத்தான் தெரியும்.

கார்பன் கிரெடிட்டில் சிறு குழுக்கள் அவசரப்பட வேண்டாம். கார்பன் கிரெடிட்டுக்குச் சான்றளிக்கும் வெர்ரா அமைப்பின் விதிப்படி காடு வளர்ப்புத் திட்டக் காலம் குறைந்தது 40 ஆண்டுகள். தணிக்கைச் செலவு நிலத்தின் அளவுக்கு ஏற்பக் குறைவதில்லை. கன்று பருத்த பிறகுதான் கிரெடிட் சேரும். களையெடுப்புக்குக் கூலி தேவைப்படுவதோ முதல் மூன்று ஆண்டுகளில். புல்வெளி நிலமாக இருந்தால் இந்த வழி ஆபத்தும்கூட, கார்பனுக்காக மரம் நட்டுப் புல்வெளியை அழிக்கத் தூண்டும். பல குழுக்கள் சேர்ந்து பெரும்பரப்பில் செய்தால் கணக்கு மாறலாம்; நாங்கள் சிறு நிலத்தை வைத்துத்தான் சொல்கிறோம்.

நடவு மானியம் மட்டுமே கிடைக்கும் நிலை என்றால், கன்று எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, மீதியைக் களையெடுப்புக் கூலியாக மாற்றித் தரும்படி விண்ணப்பத்திலேயே கேளுங்கள். பணம் வந்த பிறகு செலவுத் தலைப்பை மாற்றுவது நடக்காது.