மருத்துவமனையில் சேரும் முன் காப்புறுதி அனுமதி: மட்டக்களப்பிலிருந்து ஒரு மதிப்பீடு

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆயினும் காத்திருப்புப் பட்டியலை எண்ணித் தனியார் மருத்துவமனையை நாடுவோர் இங்கே பலர். காப்புறுதி வைத்திருப்பவருக்கு அங்கே முதல் வாசல் முன் அனுமதிதான்; அதாவது, செலவை ஏற்பதற்குக் காப்புறுதி நிறுவனம் முன்கூட்டியே தரும் ஒப்புதல். என் மனைவியின் பித்தப்பைக் கல்லை அகற்ற வேண்டி வந்தபோது, வேலைத்தலத்தின் குழுக் காப்புறுதியில் இச்சேவையைப் பெற்றுக்கொண்டேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்து, நடைமுறையை மட்டும் மதிப்பிடுகிறேன்.

விண்ணப்பப் படிவத்தின் முதற்பகுதி நமக்குரியது, மற்றது சத்திரசிகிச்சை நிபுணருக்குரியது. சிக்கல் இரண்டாம் பகுதியில்தான் தொடங்குகிறது. நிபுணர்களில் பெரும்பாலோர் பகலில் அரச வைத்தியசாலையில் கடமையாற்றிவிட்டு மாலையில்தான் தனியார் மருத்துவமனைக்கு வருகிறார்கள். அவர் நோயாளிகளைப் பார்த்து முடித்துக் கையொப்பமிடும் நேரத்தில் காப்புறுதி அலுவலகம் பூட்டியிருக்கும். நகரக் கிளையோ எதையும் தீர்மானிப்பதில்லை. படிவத்தை ஸ்கேன் செய்து கொழும்புக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

ஆனாலும் கிளையில் இருந்த இளைஞரைப் பாராட்டியே ஆக வேண்டும். படிவத்தை மேலோட்டமாகப் பார்த்தவுடனேயே, "அண்ணன், நோய் எப்ப தொடங்கினது எண்டு டொக்டர் எழுதல்ல. இப்பிடியே அனுப்பினா கொழும்பிலிருந்து திருப்பித்தான் அனுப்புவாங்க" என்றார். அவர் காட்டிய அந்தச் சிறு கட்டம்தான் முழுப் படிவத்திலும் முக்கியமானது. காப்புறுதி தொடங்குமுன்பே நோய் இருந்ததா, காப்புறுதி தொடங்கிய பின் இழப்பீடு கோர முடியாத காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்ற இரு கேள்விகளுக்கும் தலைமை அலுவலகம் அங்கேதான் விடை தேடுகிறது. நிபுணர் "நீண்டகாலமாக வயிற்று வலி" என்று எழுதிக் கொடுக்க, எத்தனை காலம் என்று விளக்கம் கேட்டு மறுநாளே மின்னஞ்சல் வந்தது. கல் இருப்பதை முதன்முதலில் காட்டிய ஸ்கேன் அறிக்கையில் திகதி தெளிவாக இருந்ததால் அதை அனுப்பினோம். அன்று மாலையே அனுமதி கிடைத்தது. அறிக்கைகளை வீசிவிடாமல் கோவைப்படுத்தி வைப்போருக்கு இந்தக் கட்டம் அவ்வளவு கடினமல்ல.

அனுமதிக் கடிதம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் பேசி வாடிக்கையாளரைச் சேர்க்கும் நிறுவனம், பணம் பற்றிய நிபந்தனைகளை மட்டும் அவர் வாசிக்க முடியாத மொழியில் அனுப்புவதை நியாயமென்று கொள்ள முடியாது. அக்கடிதத்தின் அடியில், இது கொடுப்பனவுக்கான உத்தரவாதம் அல்ல, இறுதிக் கட்டணப் பட்டியலைப் பார்த்த பின்பே தொகை தீர்மானிக்கப்படும் என்ற வரி இருந்தது. அனுமதிக்கப்பட்ட தொகை மருத்துவமனையின் மதிப்பீட்டைவிடக் குறைவு. அறை வாடகைக்கு நாள் உச்சவரம்பு இருந்ததும், கையுறை போன்ற பாவனைப் பொருட்கள் சேர்க்கப்படாததுமே அதற்குக் காரணம். அந்த வித்தியாசத்தை மருத்துவமனை முற்பணமாக வாங்கிக்கொண்டது.

சேவையின் பலவீனம் வீடு திரும்பும் நாளில் வெளிப்பட்டது. காலையில் துண்டு வெட்டியாயிற்று, அதாவது வீடு செல்லலாம் என்று வைத்தியர் எழுதிவிட்டார். ஆனால் இறுதிப் பட்டியல் மீண்டும் கொழும்புக்குப் போய், மறு அனுமதி வர மாலையாகிவிட்டது. அதுவரை அறையை விட்டுச் செல்ல முடியாமல், தையல் போட்ட வயிற்றுடன் கட்டில் விளிம்பில் அமர்ந்திருந்தார் மனைவி. உள்ளே அனுப்புவதற்குக் காட்டிய வேகத்தில் பாதியையாவது வெளியே விடுவதற்கும் காட்டியிருக்கலாம். ஞாயிறு, போயா தினங்களில் துண்டு வெட்டப்படுவோர் இன்னும் சிரமப்படுவார்கள் என்று தோன்றுகிறது.

திட்டமிட்டுச் செய்யும் சத்திரசிகிச்சைக்கு இச்சேவையைத் தயங்காமல் நாடலாம். அவசரமாக மருத்துவமனையில் சேர நேர்ந்தால், எங்கள் பத்திரத்தின்படி, 24 மணி நேரத்துக்குள் தொலைபேசியில் அறிவித்தால் போதுமானது. அரச வைத்தியசாலை விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற்றால் ஓரிரவுக்கு இவ்வளவு என்று தரும் கொடுப்பனவுக்கு முன் அனுமதியே வேண்டியதில்லை, வீடு திரும்பும்போது வைத்தியசாலை தரும் நோய் நிர்ணய அட்டையின் பிரதியே போதும்; இந்தச் சலுகை இருப்பதை அறியாத சந்தாதாரர்கள் என் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். அனுமதி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நிறுவனத்திடம் முறையிட்டும் தீர்வு கிடைக்காவிட்டால், கொழும்பிலுள்ள காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் கொண்டுசெல்ல அந்தக் கடிதம் தேவைப்படும்.