ஹேண்ட்பேனுக்குச் சேலத்தில் செய்து வாங்கிய காண்டாக்ட் மைக்: ஓராண்டு வாசித்த பிறகு ஒரு மதிப்பீடு

மடியில் வைத்து விரல் நுனியால் தட்டும் ஹேண்ட்பேனை நாற்பது பேர் அமர்ந்திருக்கும் அறையில் மைக் இல்லாமலே வாசித்துவிடலாம். ஏற்காட்டுப் புல்வெளி மேடையிலோ சேலத்துக் கல்யாண மண்டப வரவேற்பிலோ அது எடுபடாது. கீபோர்டும் தபலாவும் சேர்ந்துவிட்டால் நான் வாசிப்பது எனக்கே கேட்காது. இந்தச் சிக்கலைத் தீர்க்கச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் ஒரு சிறிய கடையில் 3,800 ரூபாய் கொடுத்துக் கருவியின் உடலிலேயே ஒட்டி அதிர்வை வாங்கும் காண்டாக்ட் மைக் செட் ஒன்றைச் செய்து வாங்கினேன். ஓராண்டாக அதை மலையிலும் ஊரிலும் பயன்படுத்திவிட்டேன். இதே கருவியை வாசிக்கும் நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால், அதன் நிறைகுறைகளை விரிவாகவே எழுதுகிறேன்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பெலிக்ஸ் ரோனர், சபீனா ஷேரர் இருவரும் 2000ஆம் ஆண்டில் உருவாக்கிய ஹாங் என்ற கருவியிலிருந்து கிளைத்ததுதான் இன்றைய ஹேண்ட்பேன். டிரினிடாட் எஃகுப் பாத்திர வாத்தியத்தோடு நம் கடமும் அதன் பிறப்புக்குத் தூண்டுதலாக இருந்தது என்பதை அறிந்த நாள் முதல், இதை அயல் வாத்தியம் என்று என்னால் நினைக்க முடிவதில்லை. கவிழ்த்துப் பொருத்திய இரண்டு எஃகு ஓடுகள், மேலே நடுவில் டிங் என்னும் ஆதாரக் குமிழ், சுற்றிலும் எட்டு ஸ்வரக் குழிகள், அடியில் கடத்தின் வாயைப் போல ஒரு துளை: இவ்வளவுதான் அமைப்பு. என்னுடையது துருப்பிடிக்காத எஃகில் செய்தது. இரண்டு கட்டைச் சுருதியில் நடபைரவி ராகத்தின் ஏழு ஸ்வரங்களும் அதில் கிடைக்கின்றன. ஒவ்வொரு குழியிலும் அடிப்படை ஸ்வரத்தோடு அதன் மேல் ஸ்தாயியும் அதற்கும் மேலுள்ள பஞ்சமமும் சேர்ந்து ஒலிக்கும்படி சுத்தியலால் தட்டிச் சுருதி சேர்த்திருப்பார்கள். அந்த மூன்றும் குலையாமல், தட்டிய பின் நீளும் கார்வையும் அறுபடாமல் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே மைக்கிடம் நாம் எதிர்பார்ப்பது.

சாதாரண மைக்கை ஸ்டாண்டில் பொருத்தி மேலே நீட்டினால் பக்கத்துத் தபலாவும் காற்றும் கூட்டத்தின் பேச்சும் சேர்ந்தே நுழையும்; ஒலியைக் கொஞ்சம் கூட்டினாலே மைக் கத்தத் தொடங்கிவிடும். காண்டாக்ட் மைக் அப்படியல்ல. காற்றில் வரும் ஒலியை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாமல், ஒட்டியிருக்கும் உலோகத்தின் அதிர்வை மட்டும் மின்னழுத்தமாக மாற்றித் தருகிறது. பஸ்ஸரில் இருக்கும் அதே பித்தளை பியசோ தகடுதான் (அதிர்ந்தால் மின்னழுத்தம் தரும் தகடு) இங்கும் வேலை செய்கிறது. நான் முதலில் செய்த தவறு, அந்தத் தகட்டை நேராக மிக்சரின் லைன் உள்ளீட்டில் செருகியது. நாதமே இல்லாமல் தகரத்தை நகத்தால் சுரண்டுவதுபோல் கேட்டது. காரணம் எளிய கணக்கில் இருக்கிறது: 27 மி.மீ. தகட்டின் மின்தேக்கம் ஏறத்தாழ 20 நானோ ஃபாரட்; மிக்சரின் உள்ளீட்டு மின்மறுப்பு 10 கிலோ ஓம் என்றால், ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் படிப்படியாகத் தேய்ந்துவிடும். என் கருவியின் ஒன்பது ஸ்வரங்களின் அடிப்படை அதிர்வெண்களோ 147 முதல் 440 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகின்றன. அதாவது எந்த ஸ்வரத்தின் அடிநாதமும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. அதே தகட்டை ஒரு மெகா ஓம் உள்ள உள்ளீட்டில் கொடுத்தால் அந்த எல்லை எட்டு ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. தகட்டைவிட, அதற்கும் மிக்சருக்கும் நடுவில் இருக்கும் சிறு பெட்டிதான் முக்கியம் என்று சொல்வது இதனால்தான்.

கடைக்காரர் கோயில் ஸ்பீக்கர்களும் மண்டப ஆம்ப்களும் பழுதுபார்த்தே தலை நரைத்தவர். ஹேண்ட்பேனை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். என் வாத்தியத்தில் கை வைக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மேசையில் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரைத் துடைத்து, அதன் வெளிப்புறம் தகட்டை ஒட்டி, ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டு, விளிம்பை நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். தகட்டை அரை அங்குலம் நகர்த்தி மறுபடியும் தட்டினார். ஓசை முற்றிலும் வேறாக இருந்தது. "தம்பி, மைக்க விட ஒட்டுற எடம்தான் பெருசு. மொதல்ல டம்ளர்ல காது பழகட்டும், அப்புறம் உங்க பாத்திரத்துல ஒட்டலாம்" என்றார். சேலம் உருக்காலையின் எஃகை அன்றாடம் புழங்கும் ஊரில் இப்படியொரு பாடம் கிடைத்தது எனக்குப் பொருத்தமாகவே பட்டது.

செட்டில் இருப்பவை இவை: தாமிரத் தாள் சுற்றிய இரண்டு பியசோ தகடுகள், மெல்லிய ஷீல்டட் கேபிள்கள், ஒன்பது வோல்ட் பேட்டரியில் இயங்கும் இரும்புப் பெட்டிக்குள் தகட்டின் மெல்லிய சிக்னலை மிக்சருக்கு ஏற்றதாக்கும் ஒரு பிரீ-ஆம்ப், இரண்டு தகடுகளுக்கும் தனித்தனி வால்யூம், மேடை மிக்சருக்குப் போகும் மூன்று முனை வெளியீடு. பெட்டியின் உள்ளீடு பத்து மெகா ஓம். தாமிரத் தாள் அழகுக்காகச் சுற்றியதல்ல. அது இல்லாமல் மண்டபத்துச் சீரியல் செட் விளக்குகளுக்கு அருகில் அமர்ந்தபோது, 50 ஹெர்ட்ஸ் முனகல் கார்வையின் அடியில் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கே ஒட்டுவது என்பதற்கு எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஸ்வரக் குழியின் மேல் ஒருபோதும் ஒட்டக் கூடாது. சோதனைக்காகப் பஞ்சமக் குழியின் ஓரத்தில் மெழுகால் ஒட்டிப் பார்த்தேன். சில கிராம் எடைக்கே சுருதி தணிந்தது, கார்வை பாதியாகக் குறைந்தது, மேலே ஒலிக்க வேண்டிய பஞ்சமம் மங்கிப்போனது. குழிகளுக்கு இடைப்பட்ட சமமான பகுதியில்தான் ஒட்ட வேண்டும். அங்கும் ஒரு குழிக்கு மிக நெருங்கினால் அந்த ஸ்வரம் மட்டும் முந்திக்கொண்டு ஒலிக்கும். இரண்டு விரற்கடைத் தூரத்தில் ஒட்டியபோது என் நிஷாதம் மற்ற எல்லா ஸ்வரங்களையும் அமுக்கிவிட்டது. இப்போது முதல் தகடு மேல் ஓட்டின் தோள்பகுதியில், விளிம்பை ஒட்டி, இரண்டு குழிகளுக்கும் சமதூரத்தில் இருக்கிறது. இரண்டாவது தகடு அடித்துளையின் உதட்டுக்குச் சற்று உள்ளே இருக்கிறது. முதலாவதில் விரல் பட்ட கணம் தெளிவாகக் கிடைக்கிறது. இரண்டாவதில் எல்லா ஸ்வரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் கிடைக்கின்றன, ஆனால் தொடையில் வேட்டி உரசுவதுகூடக் கேட்கும். மடிக்கும் கருவிக்கும் இடையே தடித்த பருத்தித் துணி ஒன்றை மடித்து வைத்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

கடைக்காரர்மேல் எனக்கு உள்ள பெரிய குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் முறை செட்டை வாங்கிவந்து இரண்டு தகடுகளையும் சேர்த்துத் திறந்தபோது டிங் மட்டும் சோகை பிடித்ததுபோல் ஒலித்தது. தனித்தனியே கேட்டால் இரண்டிலும் டிங் நிறைவாக இருந்தது, சேர்த்தால் மெலிந்தது. ஒரு தகட்டில் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்திருந்தார். டிங்கின் அதிர்வு கருவி முழுவதையும் அசைப்பதால் இரண்டு தகடுகளையும் ஒரே நேரத்தில் எட்டுகிறது. ஒன்று கூட்டும்போது மற்றொன்று கழித்துக்கொண்டிருந்தது. மற்ற ஸ்வரங்கள் அந்தந்தக் குழியின் அருகிலேயே பெரிதும் அடங்கியிருப்பதால் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. அவர் மறுப்பேதும் சொல்லாமல் உடனே மாற்றித் தந்தார் என்பது உண்மை. ஆனாலும் கொடுப்பதற்கு முன் இரண்டையும் சேர்த்து ஒருமுறை கேட்டிருக்கலாம்.

சென்ற டிசம்பரில் ஏற்காட்டில் ஒரு விடுதியின் புல்வெளியில், புல்லாங்குழல் வாசிக்கும் நண்பரோடு மாலை நேரக் கச்சேரி. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சில்வர் ஓக் மரங்களுக்கிடையே புகுந்து வரும் காற்று குழல் மைக்கில் ஊதிக்கொண்டே இருந்தது, பாவம் நண்பர் முகத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தார். என் பக்கம் காற்றின் சுவடே தெரியவில்லை. மிக மென்மையாக, பெருவிரல் பக்கவாட்டில் தொட்டு எழுப்பும் ஸ்வரம்கூடக் கடைசி வரிசைக்குப் போனது என்று அங்கே அமர்ந்திருந்தவர்கள் சொன்னார்கள். இந்த ஒரு மாலைக்கே கொடுத்த காசு தகும் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் காண்டாக்ட் மைக் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஹேண்ட்பேனின் ஒலி உலோகத்தில் மட்டும் இல்லை. உள்ளே அடைபட்ட காற்றும் துளைவழியே மூச்சுவிடுகிறது. என் கருவியில் அந்த மூச்சு 80 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. கடத்தின் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் வாசிக்கும்போது எழும் கும்காரத்துக்கு அது நெருங்கிய உறவு. பியசோவுக்கு அது ஏறத்தாழக் கேட்பதே இல்லை. ஸ்வரங்கள் துல்லியமாக வரும், ஆனால் உள்ளே காற்றே இல்லாத கருவிபோல ஒலிக்கும். இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் ஒருவித உலோகக் கூர்மையும் சேரும். அந்தக் கூர்மையை மிக்சரில் கொஞ்சம் குறைத்துவிட்டு, அடித்துளைக்கு நான்கு விரற்கடைக் கீழே காற்றில் வரும் ஒலியை வாங்கும் ஒரு சிறிய கண்டென்சர் மைக்கையும் வைத்து, முக்கால் பங்கு பியசோ, கால் பங்கு காற்று என்று கலந்தால்தான் அறையில் கேட்கும் நாதம் மேடையில் கிடைக்கிறது. கலக்கும்போது கண்டென்சரின் துருவத்தை (பியசோவோடு கூட்டுகிறதா கழிக்கிறதா என்ற திசையை) திருப்பியும் திருப்பாமலும் கேட்டு, எதில் டிங் கனமாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் அதற்கென ஒரு ஸ்விட்ச் இல்லை. மிக்சரில் அந்த வசதி இல்லாத சின்ன மண்டபங்களில் இது எனக்குப் பெரிய இடைஞ்சல்.

காண்டாக்ட் மைக் கத்தவே கத்தாது என்பதும் சரியல்ல. ஒரு வரவேற்பில் மானிட்டரை, அதாவது வாசிப்பவர் கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கரை, என் முழங்காலுக்கு எதிரே வைத்துவிட்டார்கள். நான் கையை எடுத்த பிறகும், யாரும் தொடாமலேயே டிங் மெல்ல முனகத் தொடங்கி வளர்ந்துகொண்டே போனது. ஸ்பீக்கரின் அதிர்வை ஓடு வாங்கி மறுபடியும் மைக்குக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையை டிங்கின் மேல் வைத்து அழுத்தியதும் அடங்கியது. மானிட்டரைப் பக்கவாட்டுக்கு மாற்றி, டிங்கின் 147 ஹெர்ட்ஸில் மட்டும் ஒலியைக் குறைக்க மிகக் குறுகலாக ஒரு வெட்டு வைத்த பிறகு அன்று தொல்லை வரவில்லை. தொடாமல் ஒலிக்கும் ஸ்வரம் எது என்று கேட்டு, அந்த இடத்தை மட்டும் குறைத்தால் போதும். மைக் செட்காரர்கள் பதற்றத்தில் கீழ்ப்பகுதி முழுவதையும் இறக்கிவிடுவார்கள், அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

ஒட்டும் பசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் கொடுத்த ஸ்பாஞ்ச் வைத்த டபுள் டேப் மேல் ஒலிகளை உறிஞ்சிவிடுகிறது. மெல்லிய டபுள் டேப்பே நல்லது. சேலத்து மே மாத வெயிலில் காரில் வைத்திருந்தால் அதுவும் இளகித் தகடு நழுவும். மலையிலோ குளிர்ந்த உலோகத்தில் பனி பூத்துவிட்டால் ஒட்டவே ஒட்டாது. உலர்ந்த துணியால் இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். பேட்டரி தீரப்போவதைக் காட்டும் விளக்கு பெட்டியில் இல்லாததால், ஒவ்வொரு கச்சேரிக்கும் புதிய பேட்டரி போட்டுவிடுகிறேன். முதலில் வைத்திருந்த மெல்லிய ஜாக் ஆடிக் கரகரத்தது. கேட்டதும் கால் அங்குல ஜாக்காக மாற்றிக் கொடுத்தார், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

அறைக்குள் மட்டும் வாசிப்பவர்களுக்கும் பதிவுக்கு மட்டும் தேவைப்படுபவர்களுக்கும் இது வேண்டாம். நல்ல கண்டென்சர் மைக் இரண்டே போதும். பிற வாத்தியங்களோடு திறந்தவெளியில் வாசிப்பவர்கள் தயங்காமல் செய்துகொள்ளலாம், கண்டென்சருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிக்கொண்டு. ஆர்டர் கொடுக்கும்போதே துருவ ஸ்விட்சும் பேட்டரி விளக்கும் கேட்டு வாங்குங்கள். ஒரு வாரம் என்று சொன்ன செட் எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் கைக்கு வந்தது. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா தொடங்கிவிட்டால் ஊரிலுள்ள ஸ்பீக்கரெல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். ஆகவே ஆனி முடிவதற்குள் சொல்லிவைத்துவிடுவது நல்லது.