இளமரத்தின் கனி ஏன் விலக்கப்பட்டது? மூன்று விளக்கங்களின் ஒப்பீடு

புதிதாக நட்ட மரம் முதல் மூன்று ஆண்டுகளில் தரும் கனியை உண்ணலாகாது என்கிறது விவிலிய நூலான லேவியராகமம் 19:23-25. அந்தக் கனி ‘விருத்தசேதனமில்லாதது’ (நுனித்தோல் நீக்கும் சடங்கு நடவாதது), எபிரேயத்தில் ‘ஓர்லா’. நான்காம் ஆண்டுக் கனி கடவுளுக்குத் துதியாகப் பரிசுத்தமாகும். ஐந்தாம் ஆண்டிலிருந்து நட்டவர் தம் விருப்பப்படி உண்ணலாம். மூன்றாண்டுகள் ஏன் விலக்க வேண்டும் என்பதை வசனம் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு இடைக்கால யூத அறிஞர் மூவர் தந்த விடைகளை, பண்டைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா வகுத்த நடைமுறை விதிகளோடு உரசிப் பார்ப்பதே முறை என்று கருதுகிறேன்.

ஸ்பெயின் நாட்டு இப்னு எஸ்ராவின் விடை எளியது: இளமரத்தின் கனியால் பயனில்லை, அது உடலுக்குத் தீங்கு. இந்த விடை விரைவிலேயே இடறுகிறது. வேலிக்காகவோ உத்தரக் கட்டைக்காகவோ நட்ட மரத்துக்கு இந்த விதி இல்லை என்கிறது மிஷ்னா. வயிற்றுக்குக் கெடுதல் என்றால் வேலிமரத்தின் கனியும் கெடுதல்தானே. மேலும், ஓர்லாக் கனியின் தோலால் சாயமேற்றிய துணியைக்கூட எரித்துவிட வேண்டும். உடுத்தும் துணி யாருடைய உடல்நலத்தைக் கெடுக்கும்?

இந்தத் துணிக்கு விடை சொல்பவர் மைமோனிடிஸ் (1138–1204). எகிப்தில் பேர்பெற்ற மருத்துவராக இருந்தும் அவர் மருத்துவக் காரணத்தை நாடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. முதற்கனியைச் சிலைக்குப் படைத்து, ஒரு பகுதியை அதன் கோயிலிலேயே உண்ணாவிட்டால் மரம் பட்டுப்போகும் என்று பண்டைய விக்கிரக வழிபாட்டினர் நம்பினர். அந்த அச்சத்தை வேரறுக்கவே இந்த விலக்கு என்கிறார் அவர். எந்தப் பயனும் கொள்ளாமல் எரிக்க வேண்டும் என்ற கடுமை இங்கே நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் அந்த வழிபாடு மறைந்த பிறகு, இன்று தோட்டம் வைப்பவருக்கு இந்த விளக்கம் கடந்தகாலச் செய்தியாகவே நிற்கிறது.

நாக்மனிடிஸ் (1194–1270) உடல்நலக் காரணத்தையும் குறிப்பிடுகிறார். ஆயினும் அவர் முதன்மையாகக் கொள்வது வேறு. விளைச்சலின் முதற்பயனைக் கடவுளுக்குத் தருவது கடமை. இளமரத்தின் கனியோ அளவில் குறைந்தது, சுவையும் மணமும் கூடாதது. எனவே தரத்தக்க கனி வரும்வரை, அதாவது நான்காம் ஆண்டுவரை, காத்திருக்க வேண்டும். சாயத் துணிக்கு இதில் நேர்விடை இல்லை. இருந்தும் நான் இதன் பக்கமே சாய்கிறேன், ஏனெனில் மூன்றாண்டு விலக்கையும் நான்காம் ஆண்டுத் துதியையும் வசனம் ஒரே மூச்சில் சொல்கிறது. இரண்டையும் ஒரே காத்திருப்பாகக் காண்பவர் இவர். காத்திருப்பின் வலியை மிஷ்னா காலத்து யூத ஆசான் ரப்பி அகிவாவும் அறிந்திருந்தார்: ‘நான்காண்டுகள் வீணாகப் பாடுபடுகிறேனே’ என்று மனிதன் புலம்பாதிருக்கவே, விளைச்சல் பெருகும் என்ற வாக்கு ஐந்தாம் ஆண்டோடு சேர்க்கப்பட்டது என்றார் அவர்.

நான்காம் ஆண்டுத் திராட்சையை எருசலேமுக்கு ஒருநாள் நடைத் தொலைவுக்குள் இருப்பவர்கள் காசாக மாற்றாமல் கனியாகவே கொண்டுவர வேண்டும் என்று மிஷ்னா விதிக்கிறது. நகரத்தின் சந்தை கனிகளால் அலங்கரிக்கப்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆலயம் இல்லாத இன்று, அதே நான்காம் ஆண்டுக் கனியின் பரிசுத்தத்தைச் சிறு நாணயம் ஒன்றின்மேல் மாற்றி மீட்டுக்கொண்ட பிறகே உண்கிறார்கள்.